வலிக்காத புண்

வலிக்கவில்லை என்பதால்தான் நான்கு நாள் சும்மா இருந்தேன். வலித்திருந்தால் முதல் நாளே வேலூருக்கு ரயில் ஏறியிருப்பேன். இதைப் படிக்கிறவர் தோல் மண்டியில் வேலை செய்கிறவராகவோ, அப்படி ஒருவரை வீட்டில் வைத்திருப்பவராகவோ இருந்தால் இந்த ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்.

என் பெயர் ஏகாம்பரம். ஆம்பூரில் கரீம் சாயபுவின் தோல் பதனிடும் மண்டியில் மானேஜர். அந்த வைகாசியில் வடக்கேயிருந்து உலர்ந்த மாட்டுத்தோல் கட்டுக் கட்டாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. கட்டைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று ரகம் பிரிப்பது என் வேலை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, இடது கையால் தோலைத் தூக்கிப் பார்த்து, வலது கையால் நோட்டில் குறிப்பேன். ஒரு திங்கட்கிழமை இடது முன்கையில் சிவப்பாக ஒரு பரு. அரித்தது. மறுநாள் அதைச் சுற்றிச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். மூன்றாம் நாள் பருவின் நடு அமுங்கிக் கருத்தது. நான்காம் நாள் அந்தக் கருப்பு காலணாக் காசு அகலத்துக்குப் பரவி, முன்கை முழுக்கப் பொம்மென்று வீங்கிவிட்டது. கருப்பின் மேல் குண்டூசியால் குத்திப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"இன்னாங்க இது, தீஞ்சு போன மாதிரி இருக்குது?" என்றாள் என் மனைவி கோவிந்தம்மாள்.

"கட்டிதான். பழுத்தா உடைஞ்சிடும்."

அந்த நான்காம் நாள்தான் மாணிக்கம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். கட்டுகளைத் தோளில் சுமந்து ஊறவைக்கும் தொட்டிக்குக் கொண்டுபோகிறவன் அவன். காலர் இல்லாத பனியனை விலக்கிக் கழுத்தின் பக்கவாட்டைக் காட்டினான்.

"நேத்துலேர்ந்து இங்க ஒண்ணு கிளம்பியிருக்குதுங்க ஐயா. அரிக்குது. வலியெல்லாம் இல்ல."

சுண்ணாம்பு வண்டிக்காரன் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தான். நான் ஒரு பார்வை பார்த்தேன். என் சட்டைக் கைக்குள் அதே போன்ற ஒன்று இருப்பதுகூட அப்போது தோன்றவில்லை.

"உஷ்ணக் கட்டி. மஞ்சள் அரைச்சுப் போடு. சரியாப் போய்டும்."

அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கட்டைத் தூக்கப் போனான்.

ஐந்தாம் நாள் காலை எனக்குக் காய்ச்சல். அக்குளில் எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டியிருந்தது. கோவிந்தம்மாள் யாரையும் கேட்கவில்லை. எதிர்வீட்டில் சொல்லி ஜட்கா கொண்டுவரச் செய்து, என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள். காட்பாடியில் இறங்கி இன்னொரு ஜட்கா பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வராண்டா பெஞ்சில் இடமில்லை. கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் என் கையைப் பார்த்துவிட்டு, குழந்தையின் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டாள்.

டாக்டர் ஞானமுத்துவுக்கு ஐம்பது வயது இருக்கும். எனக்கு முன்னால் போன கிழவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவர், என் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"எங்க வேலை?"

"தோல் மண்டியிலேங்க."

"யாரும் இதைக் கிள்ளினீங்களா? அமுக்கிப் பாத்தீங்களா?"

"குண்டூசியால ஒரு தடவை..."

 அவர் கொப்புளத்து நீரைக் கண்ணாடித் துண்டில் தொட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். கோவிந்தம்மாள் என் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவள் அப்படிச் செய்தது அன்றுதான்.

திரும்பி வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"மாட்டுக்கு அடைப்பான்னு ஒரு நோவு வரும், தெரியுமா?"

"தெரியும். காலையில மேய்ஞ்ச மாடு சாயந்திரம் செத்துக் கெடக்கும்."

"அதேதான் இது. மனுஷனுக்கு வந்தா ஆந்த்ராக்ஸ்னு சொல்லுவோம். செத்த மாட்டோட தோல்ல அந்தக் கிருமி வெதை மாதிரி வருஷக்கணக்கில கெடக்கும். சின்னக் கீறல் போதும், உள்ள போய்டும். இப்ப உங்களுக்குத் தோலோட நிக்குது."

"ரத்தத்துல எறங்கினா?" என்று கேட்டாள் கோவிந்தம்மாள்.

"எறங்காம பாத்துக்கணும்மா" என்றார்.

கத்தி வைக்கமாட்டார்கள் என்று தெரிந்தது. வெட்டினால் நோய் பரவும். நரம்பில் ஒரு மருந்து ஏற்றினார்கள். அதில் பாஷாணம் கலந்திருக்கிறது, கிருமியைக் கொல்ல அதுதான் வழி என்றார். இன்னொன்று சீரம். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் தெளிந்த நீர். நோயோடு சண்டை போட்டுப் பழகிய குதிரையின் பலம் அதில் நமக்கு வருகிறது. அது வேலூரில் இல்லை. சென்னைக்குத் தந்தி அடித்துவிட்டு, மறுநாள் ரயிலில் வரும் என்றார். பிறகு மை பென்சிலை எச்சில் தொட்டு, வீக்கம் எங்கே முடிகிறதோ அங்கே என் கையைச் சுற்றி ஒரு கோடு போட்டார். ஊதாக் கோடு.

"வீக்கம் இந்தக் கோட்டைத் தாண்டுதான்னு பாக்கணும். நீங்களும் பாத்துக்கிட்டே இருங்க."

சாயங்காலத்துக்குள் தாண்டிவிட்டது. அவர் மேலே இன்னொரு கோடு போட்டார். அந்த இரண்டாவது கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மாணிக்கத்தின் கழுத்து நினைவுக்கு வந்தது. கைக்கு மேலே தோள் இருக்கிறது, தோளுக்குப் பிறகுதான் கழுத்து. அவனுக்கு அது கழுத்திலேயே தொடங்கியிருக்கிறது.

டாக்டரிடம் சொன்னேன்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"இன்னா சொல்லி அனுப்புனீங்க?"

"உஷ்ணக் கட்டின்னு."

அவர் உடனே எழுந்து சாயபுவுக்குத் தந்தி எழுதப் போனார்.

மறுநாள் பகலில் சாயபுவின் மோட்டார் வண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. அவரே கூட்டிவந்திருந்தார். மாணிக்கத்துக்கு முகவாய் எங்கே முடிகிறது, நெஞ்சு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே வீக்கம். காதுக்குக் கீழே அந்தக் கருப்பு. மற்ற நோயாளிகளிடமிருந்து பிரித்து எங்கள் இருவரையும் ஒரு தனி அறையில் போட்டார்கள். ரயிலில் வந்த சீரத்தில் முதல் ஊசி அவனுக்கு, அடுத்தது எனக்கு. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு தட்டை வைத்து வெள்ளைத் துணியால் மூடினார் டாக்டர். உள்ளே ஒரு கத்தியும், வளைந்த ஒரு வெள்ளிக் குழாயும். வீக்கம் தொண்டையை அடைத்துவிட்டால் மூச்சுக்குழாயில் துளை போட்டு அந்தக் குழாயைச் செருக வேண்டும். அதன் பிறகு அவன் பேசுவானா என்பது நிச்சயமில்லை. அவனுடைய மூச்சு விசில் போல வந்துகொண்டிருந்தது. அது நின்று நின்று வரும்போதெல்லாம் நான், கோவிந்தம்மாள், மாணிக்கம் மூன்று பேரும் அந்தத் துணியைப் பார்த்தோம்.

எங்களைப் பார்க்க டாக்டர் நாலைந்து கம்பவுண்டர்களைக் கூட்டிவந்தார். சின்ன ஊர் டிஸ்பென்சரிகளில் வேலை பார்க்கிறவர்கள். ஒருவன் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றான்.

"போட்டோவில எல்லாம் ஒரே கருப்பு. இதோட நிறத்தைப் பாத்தாத்தான் அடையாளம் தெரியும்" என்றார் டாக்டர்.

"அவரு படம் போடுவாருங்க" என்றாள் கோவிந்தம்மாள்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அது இன்னும் நினைவிருக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை.

அதைச் சொல்லியாக வேண்டும். சென்னைச் சித்திரப் பள்ளியில் மூன்று வருஷம் படித்துவிட்டு ஊருக்கு வந்தபோது என்னிடம் ஒரே ஒரு தீர்மானம் இருந்தது. கண்ணால் காணாததை வரைவதில்லை. வீட்டுக்கு வீடு தொங்கும் மாவுப் பொம்மை முகங்களை வரைவதில்லை. எங்கள் ஊரில் தொடை வரை சுண்ணாம்பு நீரில் நிற்கிற ஆட்களை, தோலின் கொழுப்பை வழிக்கிற கைகளை, ஆவாரம்பட்டை இடிக்கிற பெண்களை வரைய வேண்டும். மண்டி வாசலில் உட்கார்ந்து இரண்டு வருஷம் கரியால் வரைந்தேன். யாரும் வாங்கவில்லை. அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி ஒரு சொல் சொன்னதில்லை. நானாகத்தான் கூசினேன். அப்போது ஐரோப்பாவில் யுத்தம். பூட்ஸ் தோலுக்கு ஏகக் கிராக்கி. சாயபு ஒரு நாள் வாசலில் நின்று என் படத்தைப் பார்த்தார். லண்டன் போகிற கட்டுகளில் ஒட்ட ஒரு லேபிள் வேண்டும், மயிலோடு ஒரு பெண் என்றார். நான் பார்க்காததை வரையமாட்டேன் என்றேன்.

"ஏலகிரியை தெனம் பாக்குறியே, அதைப் பின்னால போடு. மயிலு தானா வந்து நிக்கும்" என்றார் சிரித்துக்கொண்டே.

போட்டேன். மயிலும் வந்தது. அடுத்து, ஊர்ப் பெரியவர்களின் செத்துப்போன தகப்பன்மாரை, கன்னத்தில் சதை வைத்து, நிறத்தைக் கொஞ்சம் தூக்கி வரைந்து கொடுத்தேன். ஆபீசில் ஒரு மேஜை கிடைத்தது. கல்யாணம் ஆனது. ஓட்டு வீடு, கிணறு, மானேஜர் வேலை. வரைவதே நின்றுபோனது. கட்டுகளுக்குள் வைக்கக் காகிதம் குறைந்த ஒரு நாள், அந்தக் கரிப்படங்களை நானே வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். தோலுக்குத் தோல் நடுவில் ஒவ்வொன்றாக வைத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் என்னால் யார் மேலும் போட முடியாத பாரம்.

கோவிந்தம்மாள் ஊருக்குப் போய் வர்ணப் பெட்டியைக் கொண்டுவந்தாள். வர்ணங்கள் கல்லாக இறுகியிருந்தன. வெந்நீர் விட்டுக் கரைத்துக் கொடுத்தாள். இடது கையைத் தலையணை மேல் நீட்டி வைத்துக்கொண்டு, வலது கையால் அதை வரைந்தேன்.  முடித்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது.

டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"கை ஜோரா வந்திருக்குது. புண்ணு எங்க?"

"அதோ இருக்குதே டாக்டர்."

"அது பூ மாதிரி இருக்குது. கருப்பை ஏன் பழுப்பாக்கினீங்க? வீக்கத்தை ஏன் கொறைச்சீங்க? இதைப் பாத்துட்டு எந்தக் கம்பவுண்டரும் உஷ்ணக் கட்டின்னுதான் சொல்லி அனுப்புவான்."

அவர் என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா தெரியாது. படத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தேன். நான் வேண்டுமென்று செய்யவில்லை. பார்க்கிறவர் முகம் சுளிக்காதபடி எதையும் மெருகேற்றிவிட என் கை பழகியிருந்தது. அது என்னைக் கேட்காமலே பொய் சொல்லியிருந்தது. சாவுக்குப் பயந்து அழாத நான், அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். கோவிந்தம்மாள் கை வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அடுத்ததும் சரியில்லை. மூன்றாவதில்தான் வந்தது. கருப்பு வெறும் கருப்பில்லை, நனைந்த கரி போல, விளிம்பில் கருநீலம். சுற்றிலும் இழுத்துப் பிடித்த தோலில் ஒரு பளபளப்பு. அதை இருந்தபடி வைத்தேன். டாக்டர் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

மாணிக்கம் இதையெல்லாம் கண்ணோரத்தால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் வந்த மூன்றாம் நாள் மதியம், மூச்சுக்கு நடுவில் சொன்னான்.

"முன்னெல்லாம் வாசல்ல குந்திக்கினு எங்களைப் போடுவீங்களே ஐயா. என்னையும் போடுங்க."

"ஒடம்பு தேறட்டும், போடறேன்."

"தேறினப்புறம் எதுக்கு? இப்பப் போடுங்க. நாளைக்கு எவனுக்காச்சும் வந்தா தெரியட்டும்."

அன்று அவன் கழுத்துக் கோடு நெஞ்செலும்பு வரை இறங்கியிருந்தது. தட்டை அவன் பக்கம் இன்னும் நெருக்கி வைத்திருந்தார்கள். நான் நாற்காலியை அவன் எதிரில் போடச் சொல்லி உட்கார்ந்தேன். கழுத்தை மட்டும் வரைந்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். எனக்குப் போதவில்லை. அந்தக் கண்கள் கதவுக்கும் துணி மூடிய தட்டுக்கும் மாறி மாறிப் போவதை விட்டுவிட்டு அந்தக் கழுத்தை வரைய முடியாது. இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு தடவை அவன் மூச்சு நின்று, உதடு நீலமாகி, டாக்டர் துணியை விலக்கிக் கத்தியைக் கையில் எடுத்துவிட்டார். பிறகு ஒரு பெரிய இழுப்பு இழுத்தான். கத்தி தட்டுக்குத் திரும்பியது. நான் அந்த நீலத்தையும் வரைந்தேன். என் வாழ்நாளில் நான் வரைந்ததில் அதுதான் படம். அதை நான் தெரிந்துகொண்டே வரைந்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. பக்கத்தில் ஒருவன் செத்துக்கொண்டிருக்கையில் எனக்கு வந்த அந்தச் சந்தோஷத்தை நினைத்து இன்றும் கூசுகிறேன்.

அவன் சாகவில்லை. மறுநாள் காலை வீக்கம் கோட்டைத் தாண்டவில்லை. அதற்கு மறுநாள் கோட்டுக்கும் வீக்கத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. என் கையும் அப்படியே வற்றியது. பிறகு குதிரைச் சீரத்தின் விளைவாக இருவருக்கும் உடம்பெல்லாம் தடிப்பு, மூட்டு மூட்டாக வலி. அதற்கு டாக்டர் சிரித்தார். அது போய்விடும் என்றார். போய்விட்டது. கருப்புப் பொருக்கு மூன்று வாரத்தில் உதிர்ந்தது. சாயபு வாரம் தவறாமல் வந்து, பழக்கூடையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, இருவரிடமும் நலம் விசாரித்தார். ஆஸ்பத்திரிச் செலவு முழுதும் அவருடையது.

புறப்படும்போது டாக்டர், மாணிக்கத்தின் படத்தைப் பார்த்து நானே வரைந்த ஒரு பிரதியைச் சுருட்டிக் கொடுத்தார். அடியில் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லியிருந்தார்: 'வலிக்காத கருப்புப் புண். கிள்ளாதே. அன்றே ஆஸ்பத்திரிக்கு வா.'

"மண்டி வாசல்ல மாட்டுங்க. உள்ள நுழையற எல்லாரும் பாக்கணும்."

ஆடி பிறந்து முதல் நாள் வேலைக்குப் போனேன். படத்தைச் சாயபுவின் மேஜையில் விரித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அன்னிக்கு வண்டியில என் பக்கத்துல இப்படித்தான் உக்காந்திருந்தான்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அடுத்த வாரம் லண்டன் கம்பெனி ஏஜெண்டு வர்றாரு. வாசல்ல இதைப் பாத்தா இன்னா நெனைப்பாரோ. நான் வேணாங்கல ஏகாம்பரம். நீ படம் போட்டவன், நோவுல கெடந்தவன். நீ சொல்லு. மாட்டச் சொன்னா இப்பவே ஆணி அடிக்கச் சொல்றேன்."

அவர் உண்மையாகவே கேட்டார். நான் மாட்டுங்கள் என்றால் மாட்டியிருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் ஏஜெண்டு முகம் சுளித்து, சரக்கு நின்று, இதற்கெல்லாம் காரணம் மானேஜர் மாட்டிய படம் என்று ஒரு பேச்சு வருவதை நான் அந்த ஒரு நிமிஷத்துக்குள் முழுதாகப் பார்த்துவிட்டேன்.

"இப்ப வேணாம் மொதலாளி. அவரு வந்துட்டுப் போகட்டும்."

"நீ சொன்னா சரி" என்றார். அவருக்கு மூச்சு வந்ததுபோல் இருந்தது. எனக்கும்தான்.

ஏஜெண்டு வந்துவிட்டுப் போனார். அடுத்து வாணியம்பாடியில் புது மண்டி திறக்கும் வேலை வந்தது. படம் என் வீட்டில், கதவு மூலையில் சுருட்டியபடி நின்றது. கோவிந்தம்மாள் பெருக்கும்போதெல்லாம் அதை எடுத்துவிட்டு மறுபடி வைப்பாள். ஐப்பசியில் ஒரு நாள் கேட்டாள்.

"இன்னும் மாட்டலையா?"

"மாட்டலாம்."

"அந்த டாக்டர் கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கார்த்திகையில், தோலிலிருந்து எடுத்த மயிரைக் காயவைக்கும் பச்சையம்மாவுக்குக் கன்னத்தில் ஒன்று வந்தது. மேஸ்திரியிடம் காட்டியிருக்கிறாள். சூட்டுக் கொப்புளம் என்று அவன் சொல்லியிருக்கிறான். வலிக்கவில்லை என்பதால் அவளும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். நான் வாணியம்பாடியில் இருந்தேன். திரும்பி வந்தபோது அவளை அடக்கம் செய்து ஒரு நாள் ஆகியிருந்தது. கன்னம் எப்படி இருந்தது என்று மேஸ்திரியைக் கேட்டேன். அவன் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல எனக்கு அதன் ஒவ்வொரு நிறமும் தெரிந்தது.

மறுநாள் காலை, ஆட்கள் வருவதற்கு முன்னால் போய், நானே வாசலில் ஆணி அடித்துப் படத்தை மாட்டினேன். சாயபுவைக் கேட்கவில்லை. அவரும் கழற்றச் சொல்லவில்லை. அதற்குப் பின் வந்த ஏஜெண்டு அதை ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, நல்ல காரியம் என்று சொல்லி, தோலின் ரகத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தார்.

படத்தை மாட்டிய அன்று முதலில் வந்தவன் மாணிக்கம். படத்தின் முன்னால் நின்றான்.

"நான்தானே அது?"

"நீதான்."

"இன்னிக்குத்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பினாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான்.

"இல்ல. ஆடியிலேயே வந்துடுச்சு. என் வீட்டுல இருந்துச்சு."

அவன் எழுத்தைக் காட்டி, "கீழ இன்னா எழுதியிருக்குது?" என்று கேட்டான். படித்துச் சொன்னேன்.

"பச்சையம்மாவுக்கும் படிக்கத் தெரியாது" என்றான். "படத்தைப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

குரலை உயர்த்தவில்லை. மேல்துண்டைச் சுமைக்குச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான்.

இப்போது வேலைக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தின் முன் ஒரு நொடி நின்று, தங்கள் கையையும் கழுத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். இதுவரை இரண்டு பேர் நேரத்தோடு வேலூருக்குப் போய்ப் பிழைத்து வந்திருக்கிறார்கள். நான் இன்னும் இங்கேதான் மானேஜர். காலையில் அவர்கள் நுழைகிற அந்த நேரத்தில் நான் ஆபீஸ் அறையை விட்டு வெளியே வருவதில்லை.